இடம் தந்தமைக்கு நன்றி

மதிப்பிற்குரிய மிஸ் ஓங்,
என்று தொடங்கி
அரை மணி நேரமாக அதே வரியில் இருக்கிறேன்.

வெள்ளிக்குள் வெள்ளி கட்ட வேண்டும்.
எங்களூரில் கிழமைக்கும் பணத்துக்கும் ஒரே பெயர்;
இந்த வாரம்தான் அது உறைத்தது.

பாதிக் கட்டணம் நீங்களே ஏற்கிறீர்கள்.
பெரிய மனது. ஒப்புக்குச் சொல்லவில்லை.
அந்தப் பாதி இரண்டு வருடத்துக்கு,
பிறகு மறுபரிசீலனை என்று
கடிதத்தின் அடியில், பொடி எழுத்தில்.
குமுதா அதை விரலால் மறைத்துக்கொண்டு
மேல்பகுதியை மட்டும் படம் எடுத்து
அவள் அக்காவுக்கு அனுப்பினாள்.

கால்குலேட்டரை மூன்று முறை தட்டினேன்.
மோட்டார் கடனைத் தள்ளிப் பார்த்தேன்,
ஞாயிறு இரட்டைச் சம்பளத்தைச் சேர்த்துப் பார்த்தேன்,
சின்னவனை மறந்து பார்த்தேன்.
மறந்தால் வருகிறது, கணக்கு.
அவன் பக்கத்தில்தான் படுத்திருக்கிறான்,
ஒரு கால் என் மடியில்.

ஆனால் எழுத வராதது இது இல்லை, மிஸ் ஓங்.

தஞ்சோங் பூங்காவில் அன்று
கடல் தெரியும் அந்த அறையில்
நீங்கள் ஷர்வினியிடம் கேட்டீர்கள்,
அப்பா என்ன வேலை.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான்,
பள்ளியின் பெயர் போட்டு நீங்கள் தந்த துணிப்பையோடு.
அவள் சொன்னாள்: விமானத்துறை.
நீங்கள் புருவம் உயர்த்திச் சிரித்தீர்கள்.
அவளும் சிரித்தாள்,
எனக்குத் தெரியாத ஒரு சிரிப்பு,
பல் காட்டாதது.

பொய் இல்லை.
பாயான் லெப்பாஸில் விமானங்களுக்குப் போகும்
சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிறேன்.
வெண்ணெய் இடது மூலை, கரண்டி வலது,
ரொட்டிக்கு நான்கு பக்கமும் ஓரம் வெட்டி.
அவள் சொன்னதும் அப்படி ஓர் உண்மைதான்,
ஓரம் வெட்டியது.

கோபம் வரவில்லை.
விண்ணப்பத்தில், தொழில் என்ற கட்டத்தில்
அந்தச் சொல்லை முதலில் எழுதியவன் நான்.
பக்கத்தில் நின்று வாசித்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
மனப்பாடம் செய்துகொண்டாள்.

கல்யாண வீட்டில் மறுப்பது சுலபம்.
இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்தால் போதும்,
வாளிக்காரர் அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவார்.
வயிறு நிறைந்ததா, சாம்பார் பிடிக்கவில்லையா
என்று நின்று விசாரிக்கமாட்டார்.
போதுமென்ற மனம் பொன் செய்யுமாம்.
என் மனம் அந்த வேலை பார்க்கவில்லை.
எனக்குப் போதவில்லை, மிஸ் ஓங்.
அந்த நூலகம் வேண்டும்,
அந்த நீச்சல் குளம் வேண்டும்,
அவள் பெயரைப் பிழையில்லாமல் சொன்ன
அந்தக் காவலாளிகூட வேண்டும்.
பசியோடுதான் இலையை மறைக்கிறேன்.

இதையெல்லாம் அழித்து அழித்து
ஆங்கிலத்தில் மூன்று வரி மிச்சம்.
இடம் தந்தமைக்கு நன்றி.
ஏற்க இயலாததற்கு வருந்துகிறோம்.
காத்திருக்கும் பிள்ளைக்கு அதைக் கொடுங்கள்.

நாலாவதாக ஒன்று சேர்த்தேன்:
விண்ணப்பத்தில் ஒரு திருத்தம். தந்தையின் தொழில்,
விமான உணவுத் தட்டு அடுக்குபவர்.

பல் தேய்த்துக்கொண்டே வந்தாள் ஷர்வினி.
தோளுக்கு மேலே நின்று
முழுக்க வாசித்தாள். நுரை சொட்டப் பார்த்தது.
"ரிக்ரெட்டுக்கு ஒரு டி அதிகம்பா"
என்று தானே அழித்தாள்.
நாலாவது வரியில் கர்சர் கொஞ்சம் நின்றது,
துடித்தது.
அதை அவள் தொடவில்லை.
வாய் கொப்பளிக்கப் போனாள்.

அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை ஆயர் ஈத்தாம் பாசாரில்
உங்கள் துணிப்பையில் கங்கோங் கீரை,
அதன்மேல் ஐஸ் உருகும் நெத்திலி.
மீன்கடை அண்ணன் பையைத் திருப்பி
முத்திரையைப் பார்த்தார்.
"பிள்ளை அங்கேயா படிக்குது?"
"கூப்பிட்டாங்க," என்றாள் குமுதா,
"நாங்கதான் போகல."
கொஞ்சம் சத்தமாகவே,
கோழிக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி.